வட்டத் தகடும் முப்பது மில்லிவோல்ட்டும்

கோலா கங்சாரிலிருந்து பேராக் ஆற்றை எதிர்த்து வடக்கே போனால் செண்டரோ அணை வரும். 1930-இல் அங்கே மின்சாரம் பிறந்தது. அது பெரும்பாலும் கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களுக்கும், ஈயம் தோண்டும் கப்பல்களுக்கும் போனது. சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள் இருந்தன. ஆனால் லயத்து வீடுகளுக்குக் கம்பி வந்து சேர வெகுகாலம் பிடித்தது. அதன் பிறகும் பல தோட்டங்களில் பொழுது சாய்ந்ததும் ஜெனரேட்டரைப் போட்டு, இரவு பத்து மணிவாக்கில் நிறுத்திவிடுவார்கள். ஜெனரேட்டர் என்றாலே நம்மில் பலருக்கு அந்தக் கொட்டகையின் சத்தமும் டீசல் வாடையும்தான் நினைவுக்கு வரும்.

மலாயாவின் மின்சாரக் கதையில் தமிழர் ஒருவர் பெயர் முதல் வரியிலேயே இருக்கிறது. 1894-இல் சிலாங்கூரின் ரவாங்கில் ஈயச் சுரங்க வேலைக்காக மின் இயந்திரம் நிறுவியவர்கள் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும். பத்துமலைக் கோயிலை எழுப்பிய அதே தம்புசாமிப் பிள்ளைதான்.

ரவாங்கில் ஓடியதும் செண்டரோவில் ஓடுவதும் தோட்டத்துக் கொட்டகையில் உறுமியதும் ஒரே குடும்பம். எல்லாவற்றுக்குள்ளும் கம்பிச்சுருள் உண்டு. சுருளும் காந்தமும் ஒன்றுக்கு எதிராக மற்றொன்று அசைய, மின்சாரம் வருகிறது. ஆனால் உலகின் முதல் ஜெனரேட்டரில் சுருளே கிடையாது. ஒரு செப்புத் தகடு, ஓர் அச்சு, ஒரு காந்தம், தொட்டுக்கொண்டிருக்க இரண்டு உலோகத் துண்டுகள், அவ்வளவுதான். இந்த அத்தியாயத்தில் நாம் செய்யப்போவது அதைத்தான். செய்வது அரை நாள் வேலை. ஏன் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்பதில்தான் நாள்கள் கழியும், பௌதிகமும் அங்கேதான் இருக்கிறது.

1824-இல் பிரெஞ்சு விஞ்ஞானி அராகோ ஒரு விசித்திரத்தைக் கண்டார். சுழலும் செப்புத் தகட்டுக்கு மேலே காந்த ஊசியைத் தொங்கவிட்டால் ஊசியும் கூடவே சுழல்கிறது. செம்பு காந்தத்தால் ஈர்க்கப்படும் உலோகம் அல்ல. அப்படியிருக்க ஊசியை எது இழுக்கிறது? ஏழு ஆண்டுகள் இதற்கு யாரிடமும் சரியான பதில் இல்லை. 1831 அக்டோபர் 28 அன்று மைக்கேல் ஃபாரடே அந்தக் கேள்வியையே இயந்திரமாக்கினார். லண்டனுக்கு அருகே உல்விச்சில், கிறிஸ்டி என்பவரின் வீட்டில் ராயல் சொசைட்டியின் பெருங்காந்தம் இருந்தது. சுமார் 450 சட்டகாந்தங்களை அடுக்கிச் செய்தது. அதன் இரு துருவங்களுக்கு நடுவே 12 அங்குல விட்டமுள்ள செப்புத் தகட்டைச் சுழலவிட்டார். ஒரு தொடுப்பை அச்சில் வைத்தார், மற்றொன்றை விளிம்பில். கால்வனாமீட்டரின் முள் ஒதுங்கியது. தகடு சுழலும்வரை ஒதுங்கியே நின்றது. மாறாத ஒரே திசையில், தொடர்ச்சியாக, அசைவிலிருந்து மின்சாரம் எடுத்த முதல் கருவி அது.

அந்தப் பரிசோதனையில் என் கவனத்தை இழுப்பது தொடுப்புகள். விளிம்பில் உரசுவதற்கு ஃபாரடே செம்பிலும் காரீயத்திலும் துண்டுகள் செய்துகொண்டார். தகட்டின் விளிம்பில் பாதரசம் பூசினார். அந்த நாள் உழைப்பில் பாதி, உரசும் இடத்தில் மின்சாரம் தடைபடாமல் பார்த்துக்கொள்வதற்கே போயிருக்க வேண்டும். நம் உழைப்பும் அங்கேதான் போகப்போகிறது.

தகட்டில் என்ன நடக்கிறது? செம்புக்குள் கட்டற்ற எலக்ட்ரான்கள் கோடானுகோடி இருக்கின்றன. தகடு சுழலும்போது அவையும் சேர்ந்து சுழல்கின்றன. காந்தப்புலத்துக்குக் குறுக்கே ஓடும் மின்னூட்டத்தின் மீது ஒரு விசை விழும். அது ஓடும் திசைக்கும் புலத்தின் திசைக்கும் செங்குத்தாக இருக்கும். புலம் தகட்டைத் துளைத்துக்கொண்டு போகிறது, ஓட்டம் வட்டமாக இருக்கிறது. ஆகவே விசை ஆரத்தின் வழியே மட்டும்தான் இருக்க முடியும், மையத்தை நோக்கியோ விளிம்பை நோக்கியோ. எலக்ட்ரான்கள் ஒரு பக்கமாக ஒதுங்குகின்றன. மையத்துக்கும் விளிம்புக்கும் இடையே மின்னழுத்தம் பிறக்கிறது.

எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். காந்தப்புலத்தைக் கோணவேகத்தால் பெருக்குங்கள். அதை, புலம் விழும் வளையத்தின் வெளி ஆர வர்க்கத்திலிருந்து உள் ஆர வர்க்கத்தைக் கழித்து வரும் எண்ணால் பெருக்கி, பாதியாக்குங்கள். பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த வளையக் காந்தம் என்று வைத்துக்கொள்வோம். வெளி விட்டம் 14 செ.மீ., துளை 6 செ.மீ., இரண்டு காந்தங்களுக்கு நடுவே புலம் 0.1 டெஸ்லா. நிமிடத்துக்கு 1,400 சுற்று. விடை 0.029 வோல்ட், அதாவது 29 மில்லிவோல்ட். ஒரு டார்ச் லைட் செல் தருவதில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு.

ஏன் இவ்வளவு சொற்பம்? செண்டரோவில் இருப்பது போன்ற இயந்திரத்தில் கம்பி பல சுற்றுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பிறக்கும் வோல்ட் அடுத்ததோடு கூடிக்கொண்டே போகும். தகட்டில் மையத்திலிருந்து விளிம்புவரை ஒரே ஒரு பாதை. எத்தனை ஆரக்கோடுகள் வரைந்தாலும் அவை எல்லாம் பக்கம் பக்கமாக இணைந்தவை, வோல்ட் கூடாது. அதே காரணத்தால் தகட்டின் மின்தடை நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. 2 மி.மீ. தடிப்புள்ள செம்பில், இந்த அளவுகளுக்கு, ஓமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் அதிகம். 29 மில்லிவோல்ட்டை அதால் வகுத்தால் 25,000 ஆம்பியர் வரவேண்டும்! வராது. ஏன் வராது என்பதற்குத்தான் மீதிக் கதை.

முதலில் பொருள்களைச் சேர்ப்போம். காந்தத்துக்குப் பெரிய ஒலிபெருக்கிகளைத் தேடுங்கள். திருவிழாக்களுக்கு ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவர்களிடமும் பழைய இரும்புக் கடைகளிலும் சுருள் எரிந்துபோன 12, 15 அங்குல ஸ்பீக்கர்கள் கிடக்கும். ஒரே அளவில் இரண்டு வேண்டும். பின்பக்கத்துக் கறுப்பு வளையம்தான் காந்தம். அது ஃபெரைட், அதாவது இரும்பு ஆக்சைடைச் சுட்டுச் செய்த பீங்கான். கோலா கங்சாருக்கு எதிரே, பேராக் ஆற்றின் அக்கரையில், சாயோங்கில் சுட்டெடுக்கிற கறுப்புக் கூஜாவைக் கையாளும் பக்குவத்தோடுதான் இதையும் கையாள வேண்டும். உளி வைத்துத் தட்டினால் சில்லுச் சில்லாகப் போகும். ஒட்டுப்பசையை இளக்கி, மெல்ல நெம்பி எடுங்கள். இரண்டையும் அருகருகே கொண்டுவரும்போது விரல் நடுவில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தகட்டுக்கு 2 மி.மீ. செப்புத் தகடு. லேத் பட்டறையில் கொடுத்து, காந்தத்தைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் பெரிய வட்டமாகக் கடையச் சொல்லுங்கள். நடுத் துளை அச்சுக்குச் சரியாக இறுகவேண்டும், தகடு ஆடக்கூடாது. பித்தளை அச்சு நல்லது. அதில் தகட்டை ஈயப்பற்று வைத்து ஒட்டிவிடுங்கள். காந்தங்களை இரண்டு ஒட்டுப்பலகைகளில் பதித்து, ஒன்றின் வடக்கு மற்றதன் தெற்கைப் பார்க்கும்படி, தகட்டுக்கு இருபுறமும் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். சட்டத்துக்கு இரும்பு வேண்டாம், மரம் போதும்.

சுழற்ற ஒரு சைக்கிள். கவிழ்த்து வைத்து, பின் டயர் உரசும்படி அச்சில் 5 செ.மீ. கப்பி ஒன்றைப் போட்டால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது அச்சு பதின்மூன்று சுற்றுச் சுற்றும். கையால் நிதானமாகப் பெடலைச் சுழற்றினாலே 1,400 வந்துவிடும். மின்சார மோட்டார் வைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. மில்லிவோல்ட் அளக்கும் இடத்தில் 240 வோல்ட் மோட்டார் பக்கத்தில் இருந்தால், மீட்டர் எதைக் காட்டுகிறது என்ற சந்தேகம் தீரவே தீராது. இந்த வேகத்தில் விளிம்பு மணிக்கு 37 கிலோமீட்டரில் ஓடுகிறது. முகத்தை அந்தத் தளத்தில் நீட்டாதீர்கள், தாவணியோ தொங்கும் கழுத்துப்பட்டையோ அருகே வேண்டாம்.

இனி, மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முனையை அச்சிலும் மற்றதை விளிம்பிலும் தொடுகிறோம். சுழற்றுகிறோம். பெரும்பாலும் முதல் தடவை எதுவும் வராது.

பூஜ்யம் என்றால் முதலில் காந்தத்தைச் சந்தேகப்படுங்கள். தமிழ்ப்பள்ளி அறிவியல் விழாவுக்கு இதைச் செய்கிற மாணவர்கள் ஒலிபெருக்கிக் காந்தம் கிடைக்காமல் பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுவார்கள். அதிலிருக்கும் நியோடிமியக் காந்தம் வலிமையில் அசுரன்தான். ஆனால் அதன் ஒரே முகத்தில் பாதி வடக்கு, பாதி தெற்கு. ஒரு பாதியில் எலக்ட்ரான் வெளியே தள்ளப்படும், மறுபாதியில் உள்ளே தள்ளப்படும். இரண்டும் கழிந்து மீதம் ஒன்றுமில்லை. குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுகிற காந்தத்திலும் வடக்கும் தெற்கும் வரி வரியாக மாறி மாறி இருக்கும். திசைகாட்டி ஒன்றை எடுத்துக் காந்த முகத்தின் மேல் மெல்ல நகர்த்திப் பாருங்கள். முள் எங்கேயாவது திரும்பிக்கொண்டால் அந்தக் காந்தம் இந்த வேலைக்கு ஆகாது. முகம் முழுக்க ஒரே துருவம் வேண்டும்.

அடுத்த சந்தேகம் தகட்டின் அளவு. தகடு பெரிதாக இருந்தால் வோல்ட் கூடும் என்று தோன்றும். சூத்திரத்தில் ஆரத்தின் வர்க்கம் இருக்கிறதல்லவா? அது புலம் எங்கும் சமமாக இருக்கும்போது சரி. காந்தத்தின் ஒரு முகத்திலிருந்து கிளம்பும் கோடுகள் எல்லாம் சுற்றி வளைந்து மறுமுகத்துக்குத் திரும்பியாக வேண்டும். காந்தத்துக்கு வெளியே நீளும் தகட்டை அவை எதிர்த்திசையில் துளைத்துக்கொண்டு போகும். உள்ளே சம்பாதித்ததை வெளியே இழக்கிறோம். மிகப் பெரிய தகடாக இருந்தால் வரவும் செலவும் ஏறத்தாழ சமமாகிவிடும். தகட்டைக் காந்தத்தின் அளவுக்கே கடையச் சொன்னது இதனால்தான். வளையத்தின் துளைக்குள்ளும் புலம் எதிர்த்திசைதான். ஆனால் மையத்துக்குப் பக்கத்தில் வேகம் குறைவு, நஷ்டமும் குறைவு.

வளையக் காந்தம் கிடைக்கவில்லை, சின்னக் காந்தம் ஒன்றை விளிம்புக்கருகே ஓர் ஓரத்தில் வைத்தால் என்ன? ஃபாரடேயின் காந்தமும் ஓர் ஓரத்தில்தான் இருந்தது. வோல்ட் வரும். ஆனால் பெடல் கனக்கும், தகடு சூடேறும், மீட்டர் எதிர்பார்த்ததில் ஒரு பகுதியைத்தான் காட்டும். காந்தத்தின் கீழ் தள்ளப்பட்ட எலக்ட்ரான்கள் மீட்டர் வழியாக வெளியே போக வேண்டிய அவசியமில்லை. காந்தம் இல்லாத பக்கத்துச் செம்பின் வழியாகவே சுற்றி வந்து சேர்ந்துவிடும். தகடே தனக்குள் ஒரு குறுக்குச் சுற்றை ஏற்படுத்திக்கொள்கிறது. இதைச் சுழல் மின்னோட்டம் என்பார்கள். அராகோவின் ஊசியை இழுத்ததும் இதுதான். ஜெனரேட்டர் செய்கிறவருக்கு இது திருடன். மின்வாரியத்துக்கோ பல்லாண்டுகள் இது நம்பகமான கணக்கப்பிள்ளை. டிஜிட்டல் வருவதற்கு முன் வீட்டுச் சுவரில் இருந்த மீட்டரின் கண்ணாடிக்குள், கறுப்புக் கோடு போட்ட அலுமினியத் தகடு ஒன்று படுக்கைவாக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றவைப்பதும் சுழல் மின்னோட்டம், ஒரு நிலைக்காந்தத்தின் உதவியோடு அதற்குத் தடை போடுவதும் சுழல் மின்னோட்டம். இரண்டும் சமன்படும் வேகம் நாம் செலவழிக்கும் மின்திறனுக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

காந்தம் சரி, தகடு சரி, ஆனால் எண் நிலையாக நிற்கவில்லை. 29, 4, 17, மறுபடி 0. இது தொடுப்பின் கோளாறு. அச்சுப் பக்கத்துத் தொடுப்பை நேரடியாக அச்சில் வைக்காமல் பேரிங் பொருத்திய கூட்டில் வைத்திருக்கிறீர்களா? பேரிங் குண்டுகள் மசகின் மேல் மிதந்தபடி உருள்கின்றன. இரண்டு உலோகங்களுக்கு நடுவே ஓர் எண்ணெய்ப் படலம். 240 வோல்ட்டுக்கு அந்தப் படலம் ஒரு பொருட்டே இல்லை, 29 மில்லிவோல்ட்டுக்கு அது மதில்சுவர். தொடுப்பை அச்சின் முனையில், மையத்துக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக அழுத்திப் பிடியுங்கள்.

விளிம்பின் கதையும் இதேதான். செம்பு கிடைக்காமல் அலுமினியத் தகடு போட்டவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். மின்கடத்துவதில் அலுமினியம் செம்புக்கு அடுத்தபடிதான், அதில் குறையில்லை. ஆனால் காற்றுப் பட்டவுடனே அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் படிந்துவிடும். அது மின்சாரத்தைக் கடத்தாது. உப்புத்தாளால் தேய்த்தாலும் உடனே மறுபடி படியும். செம்பு அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் பேராக்கின் ஈரக்காற்றில் சில நாள்களிலேயே கறுக்கத் தொடங்கும். ஓட்டுவதற்குச் சற்றுமுன் விளிம்பை மென்மையான உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துவிடுங்கள்.

கிரைண்டர், துளையிடும் இயந்திரம் இவற்றின் கார்பன் பிரஷ்ஷைக் கழற்றி வைப்பது எல்லோருக்கும் வரும் யோசனை. மோட்டாருக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. வழவழப்பானது, தானே தேய்ந்து வடிவத்துக்கு வந்துகொள்ளும். இங்கே அது உதவாது. வேலைக்குரிய மின்னோட்டம் பாயும்போது, கார்பன் பிரஷ் உரசும் இடத்தில் ஏறத்தாழ 1 வோல்ட் விழுந்துவிடும். 240 வோல்ட் இயந்திரத்தில் 1 வோல்ட் போவதை யார் கவனிக்கப்போகிறார்கள்? நம் கையில் மொத்தமே 0.029 வோல்ட். மீட்டர் கொஞ்சமே கொஞ்சம் மின்சாரம் எடுப்பதால் கார்பன் வழியாகவும் வோல்ட் காட்டும். விளக்கோ வேறெதுவோ இணைத்த கணத்தில் எல்லாம் மறைந்துபோகும். "வோல்ட் இருக்கிறது, கரண்ட் வரமாட்டேன் என்கிறது" என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேர் கார்பன் பிரஷ் வைத்தவர்கள்தான்.

டிவி ஏரியல் கேபிளை அறுத்தால் உள்ளே செப்புக் கம்பியால் பின்னிய உறை இருக்கும். அதை உருவியெடுத்துத் தட்டையாக்கி, தகட்டின் விளிம்பில் பாதிச் சுற்றாவது தழுவும்படி போடுங்கள். பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டையால் இழுத்துப் பிடியுங்கள். நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகள் ஒரே சமயத்தில் தொடும், ஒன்று விலகினாலும் மற்றவை விடாது. கொஞ்ச நேரத்தில் இழைகள் தேய்ந்து செம்புத் தூள் விழும். மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். பழைய புத்தகங்களில் பாதரசக் குட்டையில் விளிம்பு தோயும்படி படம் போட்டிருப்பார்கள். தொடுப்புக்கு அதைவிடச் சிறந்தது கிடையாது என்பது உண்மை. அதன் ஆவி நரம்பு மண்டலத்தைக் கெடுக்கும் என்பதும் உண்மை. வீட்டிலும் பள்ளியிலும் அதை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

இப்போது மீட்டர் நிலையாக நிற்கிறது. அது காட்டுவது காந்தத்தால் வந்த வோல்ட்தானா? விளிம்பு உரசிச் சூடாகிறது, அச்சு குளிர்ந்திருக்கிறது. வேறுவேறு உலோகங்கள் சேரும் இரண்டு இடங்களில் வெப்பம் வேறுபட்டால் அதற்கும் ஒரு மின்னழுத்தம் உண்டு. செம்பும் இரும்பும் சேர்ந்தால் டிகிரிக்கு ஏறத்தாழ மில்லிவோல்ட்டில் நூறில் ஒரு பங்கு. ஐம்பது டிகிரி வேறுபாட்டில் அரை மில்லிவோல்ட். வேகமாக ஓட்டும்போது இது பொருட்படுத்தத் தக்கதல்ல. நிமிடத்துக்கு அறுபது சுற்று என்று மெல்லச் சுற்றிப் பார்க்கும்போது காந்தம் தருவதே ஒன்றேகால் மில்லிவோல்ட்தான். அப்போது இது கணக்கைக் குழப்பும். இரண்டையும் பிரிக்கச் சுலபமான வழி, எதிர்த்திசையில் சுற்றுவது. காந்தத்தால் வந்த வோல்ட் குறி மாறும், வெப்பத்தால் வந்தது மாறாது. பெடலைப் பின்னுக்கு மிதித்தால் ஃப்ரீவீல் கடகடக்கும், சக்கரம் அசையாது. சக்கரத்தையே கையால் பிடித்துத்தான் பின்னுக்குச் சுற்ற வேண்டும்.

அடுத்தது ஆம்பியர். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி இணைத்தால் கால் ஆம்பியர் போல ஏதோ காட்டும். ஜெனரேட்டரின் குற்றம் இல்லை அது. மீட்டரின் வயர்களும் உள்ளே உள்ள தடையும் சேர்ந்தால் பத்தில் ஒரு ஓம் ஆகிவிடும். 0.029-ஐ 0.1-ஆல் வகுத்தால் 0.29 ஆம்பியர்தான். அளக்கும் கருவியே வழிமறித்து நிற்கிறது. மாற்று வழி இது. வீட்டு ஒயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மி.மீ. செப்புக் கம்பியில் 30 செ.மீ. வெட்டி, அச்சுத் தொடுப்பையும் விளிம்புத் தொடுப்பையும் அதனால் நேராக இணையுங்கள். அந்தத் துண்டின் தடை சுமார் 2 மில்லிஓம். அதன் இரு முனைகளுக்கு இடையே மில்லிவோல்ட்டை அளந்தால், 2-ஆல் வகுத்தது ஆம்பியர். 10 மில்லிவோல்ட் காட்டுகிறது என்று வையுங்கள், 5 ஆம்பியர் ஓடுகிறது. பிறந்த 29-இல் மீதி 19 மில்லிவோல்ட் தொடுப்புகளில் போயிருக்கிறது. 19-ஐ 5-ஆல் வகுத்தால் தொடுப்புகளின் தடை 3.8 மில்லிஓம். தகட்டின் தடையைப் போல மூவாயிரம் மடங்கு! 25,000 ஆம்பியர் எங்கே போனது என்பது தெரிந்துவிட்டதல்லவா? இந்த 3.8-ஐக் குறைப்பது ஒன்றுதான் இந்த இயந்திரத்தைத் திருத்துவது. பின்னலின் இறுக்கத்தை மாற்றுவது, முழுச் சுற்றாகப் போடுவது, அச்சு முனையில் இன்னொரு பின்னல் சேர்ப்பது என்று எதைச் செய்தாலும் இந்த எண் இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இயந்திரம் ஒழுங்காக ஓடத் தொடங்கியபின் செய்து பார்க்க வேண்டிய ஒரு பரிசோதனை இருக்கிறது. இதுவும் ஃபாரடேயிடமிருந்து வந்ததுதான். தகட்டை நிறுத்திவிட்டுக் காந்தங்களை மட்டும் அவற்றின் அச்சில் சுழற்றினால் மீட்டர் அசையாது. காந்தத்தைத் தகட்டோடு ஒட்டி இரண்டையும் சேர்த்துச் சுழற்றினால், தகடு தனியாகச் சுழன்றபோது வந்த அதே வோல்ட் வரும். காந்தத்துக்கும் தகட்டுக்கும் இடையே எந்த அசைவும் இல்லை, ஆனாலும் மின்சாரம்! பள்ளியில் படித்த "காந்தம் அசைய வேண்டும் அல்லது கம்பி அசைய வேண்டும்" என்ற வாய்பாடு இங்கே தடுக்கி விழுகிறது. ஆனால் நாம் முதலில் பார்த்த விசை காந்தம் சுழல்கிறதா என்று கேட்கவே இல்லை. எலக்ட்ரான் புலத்துக்குக் குறுக்கே ஓடுகிறதா என்று மட்டும் கேட்டது. முகம் முழுக்கச் சமமாக இருக்கும் வளையக் காந்தம் சுழன்றாலும் சுழலாவிட்டாலும் அந்த இடத்துப் புலம் ஒன்றுதான். வோல்ட் வர, மின்சுற்றின் ஒரு பகுதி சுழல வேண்டும், மீட்டரும் வயரும் நிற்க வேண்டும், இரண்டும் உரசும் இடம் வேண்டும். மீட்டரையும் தகட்டின் மேல் கட்டிச் சுழற்றினால் பூஜ்யம்தான். பிரஷ் இல்லாத தகட்டு ஜெனரேட்டர் செய்கிறேன் என்று யாராவது கிளம்பினால் இதைக் காட்டித் திருப்பி அனுப்பலாம்.

அந்தப் புதிரின் மயக்கம் இன்றும் தெளியவில்லை. 1970களின் இறுதியில் அமெரிக்கர் புரூஸ் டிபால்மா, காந்தமும் தகடும் சேர்ந்து சுழலும் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு, கொடுத்த சக்தியைவிடக் கூடுதல் சக்தி வருகிறது என்றார். இந்தியாவில் அதே வழியில் போனவர் சாதாரண ஆள் அல்ல. கர்நாடகத்தின் கைகா அணுமின் திட்டத்தில் உயர்பொறுப்பு வகித்த பொறியாளர் பரமஹம்ச திவாரி. வெற்றுவெளியிலிருந்தே சக்தி வருகிறது என்று தனிக் கோட்பாடே எழுதினார். அவர் படிப்பையும் அனுபவத்தையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இத்தனை ஆண்டுகளில் அந்த வகை இயந்திரம் எதுவும், வெளியே எடுத்த மின்சாரத்தால் தன்னைத் தானே ஓட்டிக்கொண்டு, பிறர் வந்து சோதிக்கும்படி நின்றதில்லை.

காந்தம் கூடவே சுழல்வதால் தகட்டின் மேல் எதிர்விசை இருக்காது என்பதுதான் அவர்கள் வாதத்தின் ஆணிவேர். எதிர்விசை இருக்கிறது. மின்னோட்டம் விளிம்பிலிருந்து வெளி வயர் வழியாக அச்சுக்குத் திரும்ப வேண்டும். அந்த வயர் நிற்கிறது, சுழல்வதில்லை. காந்தத்தோடு சேர்ந்த தகட்டுக்கு அந்த வயர்தான் பிடிமானம். ஒன்றை ஒன்று தள்ளிக்கொள்கின்றன, பெடல் கனக்கிறது. அளவுகளும் எளிதில் ஏமாற்றும். நம் இயந்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எதுவும் இணைக்காதபோது 29 மில்லிவோல்ட். தடையே இல்லாத கம்பியால் இணைத்தால் ஓடக்கூடியது 7.6 ஆம்பியர். இரண்டையும் பெருக்கி "0.22 வாட்" என்று அறிவிப்பது சுலபம். ஆனால் முழு வோல்ட்டும் முழு ஆம்பியரும் ஒரே நேரத்தில் வரவே வராது. நிஜத்தில் எடுக்கக்கூடிய உச்சம் இதில் கால் பங்கு, 0.055 வாட். உழைக்காமலே கிடைத்த நான்கு மடங்கு லாபம்! காசு கேட்கும் "இலவச மின்சார" இயந்திரம் எதையாவது வாட்ஸ்அப்பில் பார்த்தால், வோல்ட்டையும் ஆம்பியரையும் ஒரே நொடியில் அளந்தார்களா என்று கேளுங்கள்.

தகட்டு ஜெனரேட்டருக்குப் பிழைப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. வோல்ட் வேண்டாம், ஆம்பியர்தான் வேண்டும் என்கிற இடங்கள் சில உண்டு. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில், தேசியப் பல்கலைக்கழகத்தில், மார்க் ஒலிபன்ட் கட்டிய இயந்திரம் 1962-இல் வேலைக்கு வந்தது. ராட்சதத் தகடுகளை மெல்ல மெல்ல வேகமேற்றி 500 மெகாஜூல் சக்தியைச் சுழற்சியாகச் சேர்த்துவைக்கும். மின்கட்டணக் கணக்கில் அது 139 யூனிட்தான். ஆனால் அதை ஒரு சில நொடிகளில் கொட்டும்போது மின்னோட்டம் 20 லட்சம் ஆம்பியரைத் தொடும். அவர்களையும் வாட்டியது உரசும் தொடுப்புதான். சோடியமும் பொட்டாசியமும் கலந்த திரவ உலோகத்தைத் தொடுப்பாக வைத்தார்கள். அது வெடித்து விபத்து நேர்ந்தது. பிறகு திடமான பிரஷ்களுக்கு மாறினார்கள். 1980களின் நடுவில் இயந்திரத்தைக் கழற்றிவிட்டார்கள்.

நமக்கு ஒரு எல்.இ.டி. எரிந்தால் போதும் என்றால், சிவப்பு எல்.இ.டி.க்கு 2 வோல்ட் வேண்டும். ஏறத்தாழ எழுபது தகடுகளைத் தொடராக இணைக்க வேண்டும். ஒவ்வொன்றின் விளிம்பிலிருந்தும் அடுத்ததன் அச்சுக்கு வயர், நூற்றுநாற்பது தொடுப்புகள். வேண்டாம். வெப்ப வேறுபாட்டிலிருந்து மின்சாரம் திரட்டுவதற்கென்று செய்த சில்லுகள் இப்போது கிடைக்கின்றன. எல்டிசி 3108 என்பது அவற்றில் ஒன்று. நூறு மடங்கு ஏற்றும் குட்டி மின்மாற்றி ஒன்றோடு சேர்த்தால், 20 மில்லிவோல்ட்டிலேயே விழித்துக்கொள்ளும். அது இழுப்பது சில மில்லிஆம்பியர் மட்டுமே. நம் தொடுப்புகளின் 3.8 மில்லிஓம் அதற்கு இருக்கிற இடமே தெரியாது. கிடைக்கும் திறன் ஒரு மில்லிவாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். அதை மின்தேக்கி ஒன்றில் சேர்த்து, நிரம்பும்போதெல்லாம் எல்.இ.டி.க்கு விடலாம். நிதானமாகப் பெடலைச் சுழற்றினால் அது விட்டு விட்டு மின்னும். வேகம் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்குக் கீழே இறங்கினால் சில்லு தூங்கிவிடும், எல்.இ.டி. அணையும். சக்கரத்தைப் பின்னுக்குச் சுற்றினாலும் இந்தச் சில்லு ஏற்காது. குறி மாறினாலும் ஏற்கிற எல்டிசி 3109 ஒன்று இருக்கிறது. ஆனால் அது 30 மில்லிவோல்ட் கேட்கும், பெடலை இன்னும் கொஞ்சம் விரட்ட வேண்டும்.